உறைகுளிரில் ஓடுபவருக்கு ஈரமே எதிரி

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகள் சராசரியாக மைனஸ் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கும். அந்தக் குளிரிலும் விடியுமுன் எழுந்து ஓடக் கிளம்புகிறவர்கள் அங்கே உண்டு. பின்லாந்தின் ஓலு நகரத்தில் பனி மூடிய பாதைகளில் குளிர்காலம் முழுக்கச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். குளிர் போதிய அளவு விழும் ஆண்டுகளில் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் 7.8 கி.மீ. நீளத்துக்கு உறைந்து சறுக்குத் தளமாகிவிடும். அதன்மேல் சறுக்கிக்கொண்டே வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். லடாக்கில் உறைந்து கிடந்த பாங்காங் ஏரியின் மேல் 2023 பிப்ரவரியில் 21 கி.மீ. ஓட்டப் பந்தயமே நடந்தது. டொரோண்டோவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இந்தக் குளிர் ஆண்டுக்கு நான்கைந்து மாதம் வாசலிலேயே நிற்கிறது. இப்படி வெளியே போய் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை மருத்துவமனை வரை போவதில்லை. மூக்கு ஓயாமல் ஒழுகும். இமைமயிர் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டிக்கொள்ளும். மூக்குக் கண்ணாடி புகைபடிந்ததுபோல் மங்கும். தண்ணீர்ப் புட்டியின் வாய் அடைத்துக்கொள்ளும். ஓடி முடித்த பிறகு இருமல் விடாது, விரல் நுனி மரத்துப்போகும், கைபேசி தானாக அணைந்துவிடும், கால் வழுக்கி இடுப்பு அடிபடும். எல்லாவற்றுக்கும் ‘குளிர்தான் காரணம்’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், குளிருக்கு முன்னால் வேறொன்று அங்கே நிற்பது தெரியும். அது தண்ணீர். அதிலும் பெரும்பகுதி ஓடுகிறவரின் உடலே வெளியேற்றிய தண்ணீர்.

முதலில் குளிர் தனியாக என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். நம் தசைகள் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இயக்கமாக மாறுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக வெளியேறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் உண்டாக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடினால் அது 700 வாட்டுக்கு மேல் போய்விடும். இவ்வளவு வெப்பத்தையும் வெளியே தள்ளியாக வேண்டும் என்பதுதான் ஓடும் உடலின் தலையாய சிக்கல். சென்னையில் மே மாதம் ஓடுபவர் விரைவில் களைத்து விழுவது இதனால்தான். குளிர்ந்த காற்று இந்தச் சுமையைக் குறைக்கிறது. கேலோவே, மோகன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஆட்களை 4, 11, 21, 31 டிகிரி வெப்பநிலைகளில் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். 31 டிகிரியில் சராசரியாக 52 நிமிடத்துக்குள் ஓய்ந்தவர்கள், 11 டிகிரியில் 93 நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். 4 டிகிரியில்கூட 81 நிமிடம் மிதித்தார்கள். அது 21 டிகிரியில் அவர்கள் மிதித்த நேரத்துக்குச் சமம். பூஜ்யத்துக்கு வெகுவாகக் கீழே கணக்கு மாறும் என்றாலும் அடிப்படை மாறாது. சரியாக உடுத்திக்கொண்டு அசைந்துகொண்டே இருக்கும் உடலின் நடுப்பகுதி உறைகுளிரிலும் சூடாகவே இருக்கிறது. உடலே இத்தனை சூட்டை உண்டாக்கும்போது தொல்லை எங்கிருந்து வருகிறது?

வியர்வையிலிருந்து வருகிறது. கதவைத் திறந்ததும் முகத்தில் அறையும் குளிரை மனத்தில் வைத்துத்தான் பெரும்பாலோர் உடுத்துகிறார்கள். ஆனால் அந்த உடை நின்றுகொண்டிருப்பவருக்குப் பொருத்தமானது. பத்து நிமிடத்தில் ஏழு மடங்கு வெப்பம் உண்டாக்கப்போகும் உடலுக்கு அது மிகை. விளைவாக, உள்ளே வியர்க்கத் தொடங்குகிறது. உடை நம்மைச் சூடாக வைப்பது அதன் இழைகளுக்கு நடுவே சிக்கியிருக்கும் காற்றால்தான். காற்றோடு ஒப்பிட்டால் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். காற்று இருந்த இடத்தில் வியர்வை நிறைந்ததும் உடை தன் வேலையை இழக்கிறது. பருத்தி இதில் மிக மோசம். நீரை உறிஞ்சி நெடுநேரம் விடாமல் வைத்திருக்கும். வெயிலில் நமக்கு அருமருந்தான துணி இங்கே எதிரியாகிவிடுகிறது. இதற்கும் மேலாக ஆவியாதல் வேறு நடக்கிறது. மண்பானை தன் சுவர் வழியே கசியும் நீரை ஆவியாக விட்டு உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைப்பதைப் போல, நனைந்த சட்டை உடலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டுதான் காயும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அரை லிட்டர் வியர்வையைக் காயவைக்க வேண்டுமானால் 12 லட்சம் ஜூல். சும்மா இருக்கும் உடல் மூன்று மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் மொத்த வெப்பமும் அதற்கே போய்விடும். ஓடும்வரை இந்த இழப்பு தெரியாது. கால் சுளுக்கி நின்றாலோ, தெரிந்தவரைக் கண்டு பேச நின்றாலோ, பேருந்துக்குக் காத்திருந்தாலோ உடல் உண்டாக்கும் வெப்பம் சட்டென்று குறைகிறது, ஈரமோ குறைவதில்லை. பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கிறது. வெளியே வந்த முதல் சில நிமிடங்கள் சற்றே குளிரும்படி உடுத்த வேண்டும் என்று குளிர்நாட்டு ஓட்டக்காரர்கள் சொல்லும் விதிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

அடுத்தது மூச்சு. குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கக்கூடிய நீராவி அதிகபட்சம் ஒரு கிராம். உடலின் வெப்பநிலையான 37 டிகிரியில் அதே கனமீட்டர் சுமார் 44 கிராம் தாங்கும். உள்ளே இழுக்கும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்பும் பொறுப்பு மூக்குக்கும் மூச்சுக்குழாய்களுக்கும் உரியது. நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை இழுத்து விடும் ஓட்டக்காரர் ஒரு மணி நேரத்தில் 3.6 கனமீட்டர் காற்றை இப்படி நனைத்தாக வேண்டும். வெளிவிடும்போது ஒரு பகுதி மீண்டாலும், ஏறத்தாழ 100 கிராம் நீர் மூச்சோடு போய்விடுகிறது. தாடி, மீசை, கழுத்துத் துணி, தொப்பியின் ஓரம் ஆகியவற்றில் வெண்மையாகப் படிவது இந்த நீர்தான். மூக்கு ஒழுகுவதும் இதே வேலையின் பக்கவிளைவு. குளிர்ந்த, வறண்ட காற்று பட்டதும் மூக்கின் உட்படலத்தில் உள்ள நரம்புகள் சுரப்பிகளை முடுக்கிவிடுகின்றன. வெளிவிடும் ஈரக்காற்றோ குளிர்ந்த மூக்கு நுனியில் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. இந்த நரம்புச் செயலைத் தடுக்கும் மருந்தை மூக்கில் தெளித்தால் ஒழுக்கு கணிசமாகக் குறைகிறது என்பதே இது கிருமியால் வந்த சளி அல்ல என்பதற்குச் சான்று. பனிக்காற்றில் போய்ச் சளி பிடித்துக்கொண்டு வந்துவிட்டதாக வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இதைச் சொல்லித் தப்பிக்கலாம். வீட்டுக்குள் வந்த சில நிமிடங்களில் அது தானே நின்றுவிடும்.

வேகம் கூடும்போது மூக்கு மட்டும் போதாது, வாய் திறக்கிறது. வாய் வழியே போகும் காற்றுக்கு மூக்கின் தயாரிப்பு கிடைப்பதில்லை. எனவே அதை நனைக்கும் வேலை மூச்சுக்குழாய்களின் உட்படலத்துக்கு இறங்குகிறது. அந்தப் படலத்தின் மேல் இருக்கும் மெல்லிய திரவப் பூச்சு நீரை இழந்து உப்புச் செறிவு கூடுகிறது. அதனால் தூண்டப்பட்ட செல்கள் வெளியிடும் வேதிப்பொருட்கள் குழாய்களைச் சுற்றியுள்ள தசைகளை இறுக வைக்கின்றன. ஓடி முடித்த பின் வரும் வறட்டு இருமலுக்கும் நெஞ்சு இறுக்கத்துக்கும் மூல காரணம் இதுதான். இங்கேயும் கேடு செய்வது தண்ணீர்தான். சட்டையில் கூடிப்போன நீர் இங்கே குறைந்துபோகிறது. ‘அப்படியானால் குளிர்காற்று நுரையீரலை உறையவைத்துவிடாதா?’ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அதற்கு இடமில்லை. எவ்வளவு குளிர்ந்த காற்றை இழுத்தாலும், நுரையீரலின் ஆழத்தை அடையும்போது அது உடலின் வெப்பநிலையை நெருங்கிவிடுகிறது. ஆனால் அந்தச் சேவைக்கு மூச்சுக்குழாய்கள் விலை கொடுக்கின்றன என்பதும் உண்மை. 1998-இல் ஜப்பானின் நாகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற அமெரிக்க அணியினரைச் சோதித்தபோது, உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்கும் கோளாறு மொத்தத்தில் 23 விழுக்காட்டினருக்கு இருந்தது. நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களில் பாதிப்பேருக்கு இருந்தது. ஆண்டுக்கணக்கில் பெருமளவு குளிர்காற்றை இழுத்து விட்டதன் தேய்மானமாகவே இதைக் காண்கிறார்கள். உலக அளவிலான நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டிகளை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே நடத்துவதில்லை. வாரத்தில் சில நாள் ஓடும் சாதாரண மனிதருக்கு இந்த அளவு கவலை தேவையில்லை. வாயையும் மூக்கையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டால், வெளிவிடும் மூச்சின் ஈரமும் வெப்பமும் அதில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே திரும்புகின்றன. ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு, தேவையானால் முன்கூட்டியே மருந்தை உறிஞ்சிக்கொண்டு கிளம்புவது நல்லது.

கண்ணின் கதையும் நீரின் கதையே. கருவிழியில் குளிரை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. எதிர்காற்று கண்ணின் மேற்பரப்பைக் குளிர்வித்து உலரவைத்ததும் அவை கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. வழியும் கண்ணீரும் மேலெழும் மூச்சின் ஆவியும் இமைமயிரில் படிந்து உறைகின்றன. இமையைப் பிடித்து இழுக்காமல், வெறும் உள்ளங்கையைச் சில நொடி கண்மேல் வைத்தால் பனி தானே உருகிவிடும். இழுத்தால் மயிர்தான் பிடுங்கிக்கொண்டு வரும். மூக்குக் கண்ணாடி மங்குவது, முகத்துணி வழியே மேலே போகும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் துளித்துளியாகப் படிவதால். துணியை மூக்கின் மேற்புறம் இறுக்கமாகவும் கீழ்ப்புறம் தளர்வாகவும் கட்டினால் மூச்சுக் காற்று கீழ்வழியாக வெளியேறும். வெயில் நாட்களில் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் புற ஊதாக் கதிர்களில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். அந்த எதிரொளியால் கருவிழியே வெந்து, சில மணி நேரம் கழித்து மணல் விழுந்ததுபோல் உறுத்தத் தொடங்கும்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழும். விரல்கள் மரத்துப்போவதற்கு ஈரமா காரணம்? உலர்ந்த கையுறைக்குள்ளும் விரல் விறைக்கிறதே. மறுப்பு நியாயமானது. விரலைப் பொறுத்தவரை முதல் காரணம் இரத்த ஓட்டம். குளிர் பட்டதும் உடல் தன் நடுப்பகுதியின் வெப்பத்தைக் காக்க, கைகால் நுனிகளுக்குப் போகும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலில் வெப்பம் உண்டாக்கும் தசை இல்லை. வருகிற இரத்தமே அதற்கு வெப்பம் கொண்டுவர வேண்டும். இரத்தம் குறைந்தால் விரல் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை நோக்கி இறங்குகிறது. இந்தச் சுருக்கம் நிலையாக நீடிப்பதும் இல்லை. பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930-இல் விவரித்தபடி, பனிநீரில் வைத்த விரலின் குழாய்கள் சில நிமிடங்களுக்குப் பிறகு திறந்து, மீண்டும் மூடி, மறுபடி திறக்கின்றன. விரல் முற்றாகச் சேதமடையாமல் காக்கும் ஏற்பாடு இது. ஓட்டத்தின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் விறைத்திருந்த விரல், உடல் சூடானதும் தானே சூடாவதற்குக் காரணமும் இரத்தம் மீண்டும் திறந்துவிடப்படுவதே. அப்போது உண்டாகும் குத்தலும் எரிச்சலும் கண்ணில் நீர் வரவைக்கும். ஆனால் அது மீட்சியின் வலி, சேதத்தின் வலி அல்ல. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஈரம் இந்தக் கணக்கிலிருந்து விலகவில்லை. கையுறையால் மூக்கைத் துடைப்பதும், பனியைத் தட்டுவதும், உள்ளே கை வியர்ப்பதும் சேர்ந்து அதே கையுறையை எதிரியாக்குகின்றன. விரல்களைப் பிரிக்காத ஒரே உறையில் நான்கு விரல்களும் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும். காலில் இரண்டு காலுறை போட்டு ஷூவை இறுக்கிக் கட்டுகிறவர் இரண்டு வகையில் நட்டப்படுகிறார்: இரத்த ஓட்டம் குறைகிறது, பாதமும் வியர்க்கிறது.

காற்றைப் பற்றியும் இதே மறுப்பை எழுப்பலாம். 1939 முதல் 1941 வரை அண்டார்டிகாவில் தங்கிய அமெரிக்கக் குழுவைச் சேர்ந்த பால் சைப்பிள், சார்லஸ் பாசல் இருவரும், காற்று வீசும்போது ஒரு பிளாஸ்டிக் உருளையில் உள்ள தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அளந்தார்கள். காற்றால் கூடும் குளிரை எண்ணால் சொல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் அது குளிரை மிகைப்படுத்திக் காட்டியது. எனவே டொரோண்டோவில் ஒரு குளிர்காற்றுச் சுரங்கத்தில் தன்னார்வலர்கள் 12 பேரை ட்ரெட்மில்லில் நடக்கவைத்து, முகத்தில் உணரிகளைப் பொருத்தி அளந்தார்கள். அதன் அடிப்படையில் 2001-இல் அமெரிக்காவும் கனடாவும் புதிய சூத்திரத்துக்கு மாறின. அதன்படி மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் ஓடுகிறவர் தன் ஓட்டத்தாலேயே காற்றை உண்டாக்கிக்கொள்கிறார். மைனஸ் 20 அவருக்கு மைனஸ் 28 அளவுக்குப் போய்விடும். மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும் என்று கனடா நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கத் தொடங்கும் எல்லை இதுவே. இதில் நீருக்கு என்ன பங்கு? அந்தச் சூத்திரம் உலர்ந்த முகத்துக்கானது. உலர்ந்த தோல் தன் உறைநிலைக்குச் சற்றுக் கீழே போனாலும் உறையாமல் சிறிது தாக்குப்பிடிக்கும். நனைந்த தோலின் மேல் பனிப்படிகம் எளிதில் உருவாகி உள்ளே பரவுகிறது. மூக்குநீர் வழிந்த கன்னமும் நனைந்த துணி படும் உதட்டோரமும் முதலில் வெளுக்கும் இடங்களாக இருப்பது இதனால்தான். முகத்தில் களிம்பு பூசினால் குளிர் அண்டாது என்பது பின்லாந்திலும் பரவலான நம்பிக்கை. அங்கே படைப்பயிற்சியில் இருந்த இளைஞர்களிடம் செய்த ஆய்வுகளில் களிம்புக்குக் காக்கும் பலன் எதுவும் தென்படவில்லை. பூசிக்கொண்டவர்களுக்கே முகத்திலும் காதிலும் பனிக்கடி அதிகமாகக் காணப்பட்டது.

காற்றின் வேலைக்கு மருத்துவ உலகம் அறிந்த ஓர் உதாரணம், சொல்லக் கூச்சமானது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 1977-இல் வெளியிட்ட ஒரு கடிதத்தில் மருத்துவர் ஒருவரே நோயாளி. மைனஸ் 8 டிகிரியில், எதிர்க்காற்றில், இடுப்புக்குக் கீழே பாலியெஸ்டர் கால்சட்டையும் மெல்லிய உள்ளாடையும் மட்டும் அணிந்து மெதுவோட்டம் ஓடியவருக்கு ஆணுறுப்பின் நுனியில் பனிக்கடியின் முதல்நிலை கண்டது. உள்ளங்கை வெப்பத்தில் சில நிமிடம் வைத்ததும் சரியாகிவிட்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நெடுந்தூரப் பனிச்சறுக்குப் போட்டியில் பின்லாந்து வீரர் ஒருவருக்கும் இதேதான் நேர்ந்தது. 50 கி.மீ. போட்டியைக் கடுங்காற்றின் காரணமாகச் சுமார் 30 கி.மீ.யாகக் குறைத்திருந்தும் அவர் தப்பவில்லை. இரண்டு நிகழ்வுகளிலும் காற்று புகும் மெல்லிய துணிதான் கோட்டை விட்டது. முன்பக்கம் காற்றுப் புகாத துணியும், முதுகுப் பக்கம் ஆவி வெளியேறும் துணியும் வைத்துத் தைத்த ஆடைகள் ஓட்டக்காரர்களுக்கென்று விற்பதன் நியாயம் இதில் இருக்கிறது.

சிறு விபத்துகளில் எலும்பு முறிவு வரை கொண்டுபோகக் கூடியது வழுக்கல். இங்கே தண்ணீரின் பங்கை எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதில் பாடப்புத்தகங்களே நெடுங்காலம் தவறியிருக்கின்றன. காலின் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்பது பழைய விளக்கம். கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் பனியின் உருகுநிலை ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குகூட இறங்காது. ஷூவின் அகன்ற அடிப்பாகம் தரும் அழுத்தமோ அதைவிடவும் குறைவு. பனியின் மேற்பரப்பிலேயே, உறைநிலைக்குக் கீழும், திரவம் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1850-இலேயே கருதினார். அந்தப் படலத்தில் கட்டுத் தளர்ந்து நகரும் நீர் மூலக்கூறுகளே வழுக்கலுக்குக் காரணம் என்பது இன்றைய புரிதல். ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2018-இல் எஃகு உருண்டையைப் பனியின் மேல் சறுக்கவிட்டு அளந்தபோது, உராய்வு மிகக் குறைந்த இடம் மைனஸ் 7 டிகிரியை ஒட்டி இருந்தது. குளிர் கூடக்கூட அந்த மூலக்கூறுகள் அடங்கி, உராய்வு ஏறியது. ரப்பர் அடி கொண்ட ஷூவுக்கோ, உருகத் தொடங்கிய, மேலே நீர்ப்படலம் நிற்கும் பனிதான் மிக ஆபத்து. ஆகவே மைனஸ் 25 டிகிரி நாளைக் கண்டு நடுங்கி, பூஜ்யத்தை ஒட்டிய இதமான நாளில் துள்ளிக்கொண்டு ஓடுகிறவர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார். பகலில் உருகி இரவில் உறைந்த பாதைக்கு மேல் மெல்லிய புதுப்பனி விழுந்த காலைதான் அஞ்ச வேண்டிய காலை. ஷூவுக்குக் கீழே மாட்டும் ஆணிப்பட்டையும், குறுகிய காலடியும், வேகத்தை மறந்த ஓட்டமும் அன்றைக்குக் கைகொடுக்கும்.

தண்ணீர்ப் புட்டியில் நீர் மேலிருந்து கீழாக உறையும். 4 டிகிரியில் மிக அடர்த்தியாகி அடியில் தங்கும் நீர், உறைந்ததும் அடர்த்தி குறைந்து மேலே மிதக்கும். அதனால் முதலில் அடைபடுவது குடிக்கும் வாய்தான். புட்டியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டால் பனி அடிப்பக்கம் சேரும், வாய் திறந்திருக்கும். கைபேசி அணைவது மட்டும் என் வாதத்துக்கு அடங்காத விதிவிலக்கு. அதை ஒப்புக்கொண்டாக வேண்டும். லித்தியம் அயனி மின்கலத்தின் உள்ளே அயனிகள் குளிரில் மெதுவாக நகர்வதால் உட்தடை கூடி மின்னழுத்தம் சரிகிறது. மின்சாரம் மிச்சமிருக்கும்போதே கருவி அணைந்துவிடுகிறது. உடலை ஒட்டிய பையில் வைத்தால் போதும். எனினும் வீட்டுக்குள் வந்ததும் சில்லிட்ட கைபேசியின் மேல் ஈரம் பூக்கும். மின்னேற்றியைச் செருகுமுன் அது காய வேண்டும் என்பதில் தண்ணீர் மீண்டும் தலைகாட்டுகிறது. தாகத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் உடலின் நடுவே இரத்த அளவு கூடியதுபோல் தோன்ற, சிறுநீரகங்கள் நீரைக் கூடுதலாக வெளியேற்றுகின்றன. தாக உணர்வோ மந்தமாகிறது. மூச்சிலும் வியர்வையிலும் போன நீர் தெரியாமலே குறைந்துகொண்டிருக்கும். கிளம்பிய சற்று நேரத்தில் சிறுநீர் முட்டுவது குளிர்கால ஓட்டக்காரர்கள் எல்லாரும் அறிந்த சங்கடம். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் போவது தவறு.

வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் குளிர் ஒத்துவருமா என்பது தமிழ் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி. வெயிலுக்கு மனித உடல் இரண்டு வாரத்தில் நன்றாகப் பழகும். குளிருக்குப் பழகும் திறன் எல்லா மனிதருக்கும் ஒப்பீட்டளவில் குறைவு. வின்னிபெக்காரர் குளிரைச் சமாளிப்பது பெருமளவு உடையாலும் பழக்கத்தாலும்தான். விரல்களின் இரத்த ஓட்டத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்பது உண்மை. ஆப்பிரிக்க வம்சாவளிப் படைவீரர்களுக்குக் குளிர்க்காயம் கூடுதலாக ஏற்பட்டதைப் படைத்துறை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பின் சிவக்கும் ரேனோ கோளாறு உள்ளவர்கள் எந்த ஊராராக இருந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் வியர்வையின் இயற்பியலும் மூச்சின் ஈரக்கணக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் பின்லாந்துக்காரருக்கும் ஒன்றே. புதிதாக வந்தவர்கள் செய்யும் பெரும் பிழை குறைவாக உடுத்துவதன்று. பயத்தில் அளவுக்கு மீறி உடுத்திக்கொண்டு, உள்ளே நனைந்துபோவதே.

‘இத்தனை தொல்லைக்கு வீட்டுக்குள் ட்ரெட்மில்லில் ஓடிவிட்டுப் போகலாமே’ என்பது கடைசி மறுப்பு. சிலருக்கு அது சரியான அறிவுரைதான். இதய நோய் உள்ளவர்களுக்குக் குளிரில் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். அதோடு திடீர்க் கடும் உழைப்பும் சேர்வது ஆபத்து. வாசல் பனியை வாரிக்கொட்டும்போது மாரடைப்பு நேர்வது குளிர்நாடுகளில் தெரிந்த செய்தி. மற்றவர்களுக்கு நிலைமை அவ்வளவு மோசமில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2006-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, பெரும்பாலான குளிர்ச் சூழல்களில் காயமின்றி உடற்பயிற்சி செய்ய முடியும். மைனஸ் 15 டிகிரிக்கு மேல் பனிக்கடிக்கான வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 27-க்குக் கீழே போகும்போதுதான் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். அந்த எல்லைக்கு இப்பால் நேர்பவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடிய சிறு தொல்லைகளே. தடுக்கும் வழியும் பெரும்பாலும் ஒன்றே.

ஆகவே கிளம்புமுன் வெப்பமானியை மட்டும் பார்க்காதீர்கள். ஈரம் எங்கெல்லாம் சேரும் என்று யோசியுங்கள். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம், மெல்லிய கம்பளியோ செயற்கை இழையோ போதும். முதல் சில நிமிடம் குளிரட்டும். வியர்ப்பதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், அல்லது சட்டையின் கழுத்தைத் திறந்துவிடுங்கள். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வழியை அமையுங்கள். நனைந்த உடலோடு எதிர்காற்றை வாங்க வேண்டியிருக்காது. உலர்ந்த கையுறை ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கன்னமோ காதோ மூக்கு நுனியோ வெளுத்து உணர்விழந்தால் தேய்க்காமல் உள்ளங்கையால் பொத்திச் சூடாக்கி, உடனே வீடு திரும்புங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வேறெந்த வேலைக்கும் முன் நனைந்த உடையை மாற்றுங்கள்.